சொட்டு விழுந்த இடமும் கசிந்த இடமும்

இந்த ஆய்வுக்கு உட்பட்ட வண்டி, ஏழு ஆண்டு ஓடிய, 150 சிசி திறனுள்ள, காற்றால் குளிரும் ஒற்றை சிலிண்டர் மோட்டார் சைக்கிள். நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின்; வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட், சிலிண்டரின் தலைப்பகுதியான ஹெட்டில் இருக்கிறது; அதைச் சுழற்றும் டைமிங் செயின், சிலிண்டரின் இடப்பக்கத்தில் உள்ள குடைவு வழியாக மேலே ஏறுகிறது. இன்ஜின், கிளட்ச், கியர் மூன்றுக்கும் ஒரே ஆயில். மொத்தமே ஏறத்தாழ ஒரு லிட்டர். 52,000 கிலோமீட்டர் ஓடும்வரை தரையில் ஒரு கறைகூட விடாத வண்டி என்பதால், ஒரு நாள் காலையில் அதை நகர்த்தியபோது கீழே நாணய அளவில் பளபளத்த கறை உடனே கண்ணில் பட்டது. குனிந்து பார்த்தபோது இன்ஜினின் அடியில், ஆயிலை வடிக்கும் டிரெயின் போல்ட்டின் தலையில், அடுத்த சொட்டு தொங்கிக்கொண்டிருந்தது.

பத்து நாளுக்கு முன்புதான் ஆயில் மாற்றியிருந்தேன். அதே நாளில் ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டியிருந்தேன். இவ்விரு வேலைகளில் எதன்மீது சந்தேகம் விழுந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. டிரெயின் போல்ட்டைக் கழற்றி மாட்டியவன் நான்; பழைய வாஷரையே மறுபடியும் போட்டவனும் நான்; சொட்டு தொங்குவதும் அதே போல்ட்டில். இதைவிடத் தெளிவான சாட்சியம் எதற்கு என்று நினைத்தேன்.

டிரெயின் போல்ட்டின் அலுமினிய வாஷர் ஒருமுறை இறுக்கும்போது நசுங்கி, இரு முகங்களுக்கும் இடையிலுள்ள நுண்ணிய மேடு பள்ளங்களை நிரப்புவதற்காகச் செய்யப்பட்டது. நசுங்கியதை மீண்டும் போட்டால் அதே அளவுக்கு அடைக்கும் என்ற உறுதி கிடையாது. ஆகவே ஆயிலைச் சுத்தமான பாத்திரத்தில் வடித்து வைத்துக்கொண்டு, புதிய வாஷர் போட்டு, கையேட்டில் சொல்லியிருந்த 25 நியூட்டன் மீட்டர் அளவுக்கு டார்க் ரெஞ்ச் கொண்டு இறுக்கினேன். சொட்டு நிற்கவில்லையே என்று ஆத்திரத்தில் மேலும் ஒரு சுற்று இறுக்கும் பழக்கத்தால் எத்தனையோ கிரேங்க் கேஸ்களின், அதாவது இன்ஜினின் அடிப்பகுதிக் கூடுகளின், மரை உரிந்துபோயிருக்கிறது. அலுமினியத்தில் வெட்டிய மரை எஃகு போல்ட்டிடம் தோற்றுவிடும். அடுத்த நாள் காலையில் அதே இடத்தில், அதே அளவில் கறை இருந்தது. போல்ட்டின் தலையில் வழக்கம்போல ஒரு சொட்டு தொங்கியது.

இந்த இடத்தில்தான் நான் ஸ்பேனரைக் கீழே வைத்தேன். முதல் நாளே வைத்திருக்க வேண்டும்.

அட்டை சொன்னது

கசிவைக் கழற்றிப் பார்த்துத் தேடுவதைவிட, கழற்றாமல் கவனித்துத் தேடுவது பலன் தரும் என்று எண்ணி, ஒரு பெரிய வெள்ளை அட்டையை வண்டியின் கீழே விரித்தேன். முன் சக்கரமும் பின் சக்கரமும் தரையைத் தொடும் இடங்களையும், இன்ஜினின் நேர்கீழ் விளிம்பையும் அதில் பென்சிலால் குறித்துக்கொண்டதால், ஒவ்வொரு முறையும் வண்டி அதே இடத்தில் நின்றது. சொட்டுகளின் இடத்தை ஒன்றோடொன்று ஒப்பிடவும் முடிந்தது.

முதலில் அது இன்ஜின் ஆயில்தானா என்பதை உறுதிசெய்தாக வேண்டியிருந்தது. இடப்பக்கம் சொட்டும் திரவம் எல்லாமே ஆயில் ஆகிவிடாது. பின் சக்கரத்தைச் சுழற்றும் செயினில் அடிக்கும் லூப்ரிகண்ட், அதன் முன் பல்சக்கரத்தை மூடும் ஸ்ப்ராக்கெட் கவருக்குள் சிதறி, தூசியோடு குழைந்து, வெப்பத்தில் இளகி வழிவதுண்டு. அது கருத்து, பிசுபிசுத்து, விரல்களுக்கிடையில் நூல்போல் இழுபடும், மணல் நெருநெருக்கும். அட்டையில் விழுந்தது அப்படி இல்லை. இளந்தேன் நிறத்தில், வழுவழுப்பாக, பத்து நாளே ஓடிய ஆயிலின் தெளிவோடு இருந்தது. காகிதத்தில் ஊறிய கறை ஆவியாகாமல் அப்படியே நின்றதால் பெட்ரோலும் இல்லை.

அளவு, ஓர் இரவுக்கு மூன்று சொட்டு. ஒரு மில்லிலிட்டரில் ஏறத்தாழ 25 முதல் 30 சொட்டு ஆயில் அடங்கும் என்று கொண்டால், நின்ற நிலையில் ஒழுகுவது மாதத்துக்கு மூன்று, நான்கு மில்லிலிட்டர்தான். ஓடும்போது இதைவிடக் கூடுதலாகப் போகலாம் என்றாலும், ஆயில் மட்டம் காட்டும் கண்ணாடியில் வித்தியாசம் தெரியப் பல மாதம் பிடிக்கும். எனவே இன்ஜினுக்கு உடனடி ஆபத்து இல்லை என்று முடிவு செய்தேன். அந்த முடிவு தந்த நிதானம் பிறகு பெரிதும் உதவியது. அதே சமயம் கசிவு பின் சக்கரத்துக்கு முன்னால் நடக்கிறது என்பதை மறக்க முடியவில்லை. டயரில் ஆயில் படிந்தால், அளவு எவ்வளவு சிறியதென்பது வளைவில் சாயும்போது பொருட்டல்ல. அதனால் ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் பின் டயரைத் துணியால் துடைத்துப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன்.

அட்டை அளித்த முதல் உண்மையான தடயம் நேரம் பற்றியது. வண்டியை இரண்டு நாள் தொடர்ந்து எடுக்காமல் விட்டபோது, முதல் இரவில் மூன்று சொட்டு விழுந்தது. இரண்டாம் இரவுக்காகப் போட்ட புதிய அட்டை சுத்தமாக இருந்தது. டிரெயின் போல்ட் ஆயில் தேங்கி நிற்கும் அறையின் அடித்தளத்தில் இருக்கிறது; அதன்மேல் ஆயிலின் எடை இரவும் பகலும், இன்ஜின் ஓடினாலும் ஓடாவிட்டாலும், அழுத்திக்கொண்டே இருக்கும். அங்கே கசிந்தால் இரண்டாம் இரவும் சொட்டியே ஆக வேண்டும். ஓடி நிறுத்திய பின் சில மணி நேரம் மட்டும் சொட்டி நின்றுவிடுகிறது என்றால், கசியும் இடம் தேங்கிய ஆயிலின் மட்டத்துக்கு மேலே எங்கோ இருக்கிறது. ஓடும்போது அங்கிருந்து வெளியேறியது வெளிப்புறத்தில் மெல்ல வழிந்து வந்து சேர்கிறது, அவ்வளவுதான். வாஷர் மாற்றுவதற்கு முன்பே இந்த இரண்டு நாளைக் கொடுத்திருந்தால் அந்த வேலையே மிச்சமாகியிருக்கும்.

இரண்டாவது தடயம் ஸ்டாண்டிலிருந்து கிடைத்தது. அதுவரை சைடு ஸ்டாண்டில் இடப்பக்கம் சாய்த்தே நிறுத்தியிருந்தேன். சென்டர் ஸ்டாண்டில் நேராக நிறுத்திய இரவில் டிரெயின் போல்ட் காய்ந்திருந்தது; சொட்டுகள் ஏறத்தாழ ஒரு சாண் பின்னால், கிரேங்க் கேஸின் பின்விளிம்புக்கு நேர்கீழே விழுந்திருந்தன. ஆயில் எங்கோ மேலே ஓரிடத்தில் சேர்ந்து, வண்டி எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமாக இறங்குகிறது. சாய்ந்து நிற்கும்போது இடப்பக்கச் சுவரில் வழிந்து, ஆகத் தாழ்வான முனையாகிய போல்ட் தலையில் திரண்டு விழுகிறது. அந்த போல்ட் வெறும் கூரை முனை. மழை பெய்தது வேறெங்கோ.

கழுவியபின் தேடுதல்

எனக்குப் பழக்கமான மூத்த மெக்கானிக் ஒருவரிடம் இதையெல்லாம் சொன்னபோது, அவர் அட்டைக் கதையை முழுதாகக் கேட்டுவிட்டு, “மொதல்ல நல்லாக் கழுவுங்க தம்பி, அப்புறம் தேடுங்க” என்று மட்டும் சொன்னார். ஏழு ஆண்டுத் தூசியும் பிசுக்கும் படிந்த இன்ஜினில் புதிய ஈரத்தையும் பழைய ஈரத்தையும் பிரித்துக் காண முடியாது என்பது உண்மை.

இன்ஜின் முழுதும் ஆறியபின், மண்ணெண்ணெயும் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷும் கொண்டு சிலிண்டரின் துடுப்புகளுக்கு இடையிலும், கார்புரேட்டருக்குக் கீழேயும், கவர்கள் ஒட்டும் கோடுகளிலும் தேய்த்து எடுத்தேன். மின் இணைப்புகளைப் பிளாஸ்டிக் உறையால் மூடினேன். அழுத்தத்தோடு நீரைப் பீய்ச்சும் கருவியைத் தவிர்த்தேன். அது நல்ல சீலுக்குள்ளும் நீரைப் புகுத்திவிடும். பிறகு சோப்பு நீரால் கழுவி, துடைத்து, ஒரு பகல் முழுக்க உலரவிட்டு, மண்ணெண்ணெய் வாடை போனபின் சந்தேகத்துக்குரிய பகுதிகள்மீது டால்கம் பவுடரை மெல்லியதாகத் தூவினேன். உலர்ந்த பவுடர் வெள்ளையாக நிற்கும். ஆயில் பட்ட இடம் உடனே கருமையாகத் தெரியும். புறஊதா ஒளியில் ஒளிரும் சாயத்தை ஆயிலில் கலந்து தேடும் முறையும் உண்டு; இந்த அளவு வேலைக்குப் பவுடரே போதும்.

அப்போது என் சந்தேகப் பட்டியலில் முதலிடத்தில் இருந்தது கியர் பெடல் தண்டின் ஆயில் சீல். ரப்பர் உதடு தேய்ந்து கசிவது இவ்வயது வண்டிகளில் மிகவும் வழக்கமானது. சைடு ஸ்டாண்டில் சாயும்போது ஆயில் மட்டம் அந்த உயரத்தை நெருங்கும் என்பதால், நேரத் தடயத்தைக்கூட ஓரளவு அது விளக்கும். புதிய சீல் வாங்கியும் வைத்துவிட்டேன். ஆனால் ஒருமுறை ஏமாந்த அனுபவம் இருந்ததால், மாற்றுவதற்கு முன் ஸ்ப்ராக்கெட் கவரைக் கழற்றி அங்கும் பவுடர் தூவினேன்.

நின்ற இடத்திலேயே பத்து நிமிடம் ஓட விட்டதில் எங்கும் ஈரம் தெரியவில்லை. இதை வைத்து “கசிவே இல்லை” என்று முடிவுக்கு வருபவர்கள் உண்டு, அது தவறு. பத்து நிமிட ஐடிலிங்கில் ஆயில் முழு வெப்பத்தை எட்டுவதில்லை, போதிய அளவு இளகுவதுமில்லை. இந்த வண்டியின் 10டபிள்யூ-30 ரக ஆயில், 100 டிகிரி செல்சியஸில் 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக்ஸ் பாகுநிலைக்குள் இருக்க வேண்டும் என்பது தர வரையறை. 40 டிகிரியில் அதைப்போல ஆறேழு மடங்கு தடிப்பாக இருக்கும். தடித்த ஆயில் நுழையாத இடுக்கில் இளகிய ஆயில் நுழைந்துவிடும். ஆகவே 20 கிலோமீட்டர், பாதித் தூரம் நல்ல வேகத்தில், ஓட்டிவிட்டு வந்து சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தினேன்.

கியர் தண்டைச் சுற்றிப் பவுடர் வெள்ளையாகவே இருந்தது. மேக்னட் கவரின் ஒட்டுக்கோடு வெள்ளை. ஹெட் கவரின் கோடு வெள்ளை. சிலிண்டரும் கிரேங்க் கேஸும் சேரும் இடத்தில் கசிவை அடைக்கும் பேக்கிங், முன்புறமும் இருபக்கமும் வெள்ளை. பின்புறத்தைத்தான் நேராகப் பார்க்க முடியாது, கார்புரேட்டர் மறைக்கிறது. டார்ச்சையும் சிறிய கைக்கண்ணாடியையும் உள்ளே நுழைத்துப் பார்த்தபோது, சிலிண்டரின் முதுகில், டைமிங் செயினைத் தளராமல் அழுத்திப் பிடிக்கும் டென்ஷனர் பொருந்தியிருக்கும் இடத்தின் கீழ்விளிம்பிலிருந்து விரலகலத்தில் ஒரு கருங்கோடு நேராகக் கீழிறங்கி, கிரேங்க் கேஸின் மேற்பரப்பில் உள்ள சிறு குழிவில் முடிந்திருந்தது. குழிவில் புதிய ஆயில் தேங்கி மின்னியது. ஈரம் தொடங்கும் ஆக உயரமான புள்ளி அதுதான். அதற்கு மேலே எல்லாம் வெள்ளை. வழியும் ஆயில் கீழேயும், ஓடும் காற்றால் பின்னேயும் போகுமே தவிர மேலேறாது என்பதால் தேடல் அங்கே முடிந்தது.

ஏன் இப்போது

கசியும் இடம் தெரிந்துவிட்டது. ஏன் பத்து நாளாகத்தான் கசிகிறது என்பது தெரியவில்லை. டென்ஷனரை நான் தொட்டதே இல்லை. அதன் காகிதப் பேக்கிங் ஏழு ஆண்டு வெப்பத்தில் காய்ந்து தட்டையாகியிருக்கும் என்பது சரி. ஆனால் ஆயில் மாற்றிய வாரத்தில் அது ஏன் கைவிட வேண்டும்? ஆயிலின் ரகம் மாறவில்லை. மட்டமும் இரு குறிகளுக்கு இடையில்தான் இருந்தது; அளவுக்கு மேல் ஊற்றியிருந்தாலும் இப்படி ஆகியிருக்கக்கூடும் என்பதால் அதை இருமுறை பார்த்தேன்.

மிச்சமிருந்தது அன்று செய்த மற்றொரு வேலை. ஏர் ஃபில்டர் பெட்டியைத் தூக்கிப் பார்த்தபோது, கிரேங்க் கேஸிலிருந்து அதற்குச் செல்லும் பிரீத்தர் குழாய், பெட்டிக்கும் சட்டத்துக்கும் இடையில் மடங்கி நசுங்கியிருந்தது. மாட்டும்போது நான் கவனிக்கவில்லை.

ஒற்றை சிலிண்டர் இன்ஜினில் இந்தக் குழாய் அலங்காரம் அல்ல. பிஸ்டன் ஒவ்வொரு முறை கீழே இறங்கும்போதும் தனக்குக் கீழே உள்ள 150 கன சென்டிமீட்டர் காற்றை நெருக்குகிறது. நிமிடத்துக்கு 6,000 சுற்றில் இது நொடிக்கு 100 முறை நடக்கிறது. ஈடுகட்ட இன்னொரு சிலிண்டர் இல்லை. இதோடு, பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கசிந்து இறங்கும் எரிந்த வாயுவும் சேர்கிறது. இவ்வளவும் வெளியேறும் மூச்சுக்குழல் அடைபட்டால், அழுத்தம் உள்ளேயே தங்கி, எந்தச் சேர்மானம் பலவீனமாக இருக்கிறதோ அதன் வழியே ஆயிலைத் தள்ளிக்கொண்டு வெளியேறப் பார்க்கும். டைமிங் செயினின் குடைவு கிரேங்க் கேஸோடு திறந்த தொடர்புடையது. அதில் செயின் வாரியிறைக்கும் ஆயில் டென்ஷனரின் முகத்தில் ஓயாமல் மோதுகிறது. பலவீனமான சேர்மானம் எதுவென்று இன்ஜினே தேர்ந்துகொண்டது.

குழாயையும் பேக்கிங்கையும் ஒரே நாளில் சரிசெய்யும் ஆசை இருந்தது. அப்படிச் செய்திருந்தால் எது எவ்வளவு காரணம் என்று தெரியாமலே போயிருக்கும். எனவே குழாயை மட்டும் முதலில் நேராக்கினேன். உள்ளே சேர்ந்திருந்த வெளிர்மஞ்சள் குழம்பை, அதாவது குறுந்தூரப் பயணங்களில் ஆவி குளிர்ந்து ஆயிலோடு கலந்து உண்டாகும் கசடை, கழுவி வாயால் ஊதிப் பார்த்து, மடங்காத பாதையில் மாட்டினேன். அடுத்த மூன்று இரவுகளும் அட்டையில் ஒரு சொட்டுதான். மூன்று ஒன்றாகியது, ஒன்று பூஜ்யமாகவில்லை. அழுத்தம் முதன்மைக் காரணம், பேக்கிங்கும் தன் காலத்தை முடித்துவிட்டது என்பதே இதன் பொருள்.

டென்ஷனரைக் கழற்றி மாட்டியது

இரண்டே இரண்டு 6 மில்லிமீட்டர் போல்ட்டுகளில் நிற்கும் சிறிய பாகம் என்பதால் இதை அலட்சியமாகக் கழற்றும் ஆபத்து உண்டு. டென்ஷனர் இல்லாத நேரத்தில் டைமிங் செயின் தளர்ந்துவிடும். அப்போது கிரேங்க் சற்றே திரும்பினாலும் செயின் ஒரு பல் தாவி, வால்வு திறக்கும் நேரம் மாறிப்போகலாம். சில இன்ஜின்களில் வால்வு பிஸ்டனில் மோதும் அளவுக்கு அது போகும். ஆயில் கசிவைச் சரிசெய்யப் போய் இன்ஜினைப் பிரிக்க நேர்வதற்கு இது நேர்வழி.

ஆகவே ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, மேக்னட் கவரின் மூடிகளைத் திறந்து, கிரேங்க்கை அது சுழலும் திசையிலேயே மெல்லத் திருப்பி, மேக்னட்டில் உள்ள ‘டி’ குறி கவரின் குறியோடு நேராகும்படி நிறுத்தினேன். இரு வால்வுகளின் ராக்கர்களும் இலேசாக ஆடியதால் பிஸ்டன் கம்ப்ரஷன் உச்சியில் இருப்பது உறுதியானது. கியரில் போட்டு வண்டியை யாரும் தள்ளிவிடாதபடி நியூட்ரலிலேயே சென்டர் ஸ்டாண்டில் வைத்தேன். அதன்பின் கார்புரேட்டரைத் தளர்த்தி ஒதுக்கினேன்.

இவ்வண்டியில் இருப்பது திருகு வகை டென்ஷனர். பின்பக்க மூடிப் போல்ட்டைக் கழற்றி, மெல்லிய ஸ்க்ரூடிரைவரை உள்ளே விட்டு வலஞ்சுழியாகத் திருப்பினால், செயினை அழுத்தும் தண்டு டென்ஷனருக்குள் இழுபடும். பிடித்துக்கொண்டே இரு போல்ட்டுகளையும் மாறி மாறித் தளர்த்த வேண்டும். பல்சக்கரத் தடை வகை வேறு. அதில் தடையை விலக்கித் தண்டை உள்ளே தள்ளாமல், நீட்டிய நிலையிலேயே போல்ட்டை இறுக்கினால் செயின் அளவுக்கு மீறி இறுகிவிடும். எந்த வகை என்று தெரியாமல் கைவைக்கக் கூடாத இடம் இது.

கீழ் போல்ட் மேல் போல்ட்டைவிடத் தெளிவாகவே தளர்வாக வந்தது. கருங்கோடு கீழ்விளிம்பில் தொடங்கியதற்கு அது பொருந்துகிறது. அந்தப் போல்ட்டை மட்டும் இறுக்கிப் பார்த்திருக்கலாமே என்று கேட்கலாம். வெளியே வந்த பேக்கிங் அட்டைபோல் விறைத்து, கீழ்ப்பாதியில் ஆயில் ஊடுருவிய பழுப்புத் தடத்தோடு இருந்ததைப் பார்த்தபின், இறுக்கியிருந்தால் மரைதான் போயிருக்கும் என்று தோன்றியது.

குடைவின் வாயில் துணியை அடைத்துவிட்டு, ஒட்டியிருந்த பேக்கிங் துணுக்குகளைப் பிளாஸ்டிக் சுரண்டியால் எடுத்தேன். உள்ளே ஒரு துணுக்கு விழுந்தாலும் அது ஆயில் வடிகட்டியைத் தேடிப் போகும். டென்ஷனரின் முகத்தைக் கண்ணாடிப் பலகைமேல் விரித்த நுண்ணிய எமரித் தாளில் எட்டு வடிவில் இலேசாகத் தேய்த்தபோது முகம் முழுதும் சீராக மின்னியது, வளைவு இல்லை. புதிய பேக்கிங்கை உலர்வாகவே வைத்தேன். சிலிகான் பசை பூசும் பழக்கத்தை இங்கே பின்பற்றவில்லை. முகங்கள் தட்டையாக இருக்கும்போது அது தேவையில்லை, பிதுங்கி உள்ளே உதிரும் பசை ஆயில் வழியை அடைக்கும் வாய்ப்பு மட்டும் மிஞ்சும். போல்ட்டுகளை மாறி மாறி 10 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கி, ஸ்க்ரூடிரைவரின் பிடியைத் தளர்த்தியபோது தண்டு நீண்டு பாய்ந்து செயினைத் தாங்கும் சத்தம் கேட்டது. மூடிப் போல்ட்டின் ஓ-ரிங்கும் கல்லாகியிருந்ததால் அதையும் மாற்றினேன். இறுதியாகக் கிரேங்க்கைக் கையாலேயே இரண்டு முழுச் சுற்று, அதாவது கேம்ஷாஃப்டுக்கு ஒரு சுற்று, திருப்பி, குறிகள் மீண்டும் நேராக வருவதைப் பார்த்தபின்தான் பிளக்கை மாட்டினேன்.

பின்தொடர்தல்

மறுபடியும் கழுவி, பவுடர் தூவி, அதே 20 கிலோமீட்டர் பாதையில் ஓட்டினேன். சிலிண்டரின் முதுகு வெள்ளையாக இருந்தது. ஒரு வாரம், ஒவ்வோர் இரவும் தேதியிட்ட அட்டை, சைடு ஸ்டாண்டிலும் சென்டர் ஸ்டாண்டிலும் மாறி மாறி, ஏழும் சுத்தம். 1,000 கிலோமீட்டருக்குப் பிறகு கைக்கண்ணாடியை நுழைத்துப் பார்த்தபோது, கிரேங்க் கேஸின் குழிவில் உலர்ந்த தூசி மட்டும் படிந்திருந்தது.

அவசரப்பட்டு வாங்கிய கியர் தண்டின் சீல் இன்னும் உறை பிரிக்காமல் இருக்கிறது. செயினும் ஸ்ப்ராக்கெட்டும் மாற்றும் வேளையில் எப்படியும் அந்தக் கவரைத் திறக்க வேண்டும். அப்போது பழைய சீலின் உதட்டைப் பார்த்து முடிவு செய்வேன்.